பெரியவர்களுக்கு வரும் நீரடைப்பு

தோட்டத்தில் பென்சன் எடுத்துத் திருகோணமலை துறைமுகப் பக்கம் பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்கள் பலர் ராத்திரியில் நாலைந்து தரம் எழும்புகிறார்கள். கேட்டால் "வயசாச்சுதானே" என்பார்கள். வெட்கத்தில் வைத்தியரிடம் சொல்வதில்லை.

ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே, குழாயைச் சுற்றிக் கொட்டைப்பாக்கு அளவில் புரொஸ்டேட் என்ற சுரப்பி உண்டு. 50 வயதுக்கு மேல் அது பருத்துக் குழாயை நெரிக்கும். மூத்திரம் மெல்லிசாக வரும், சொட்டும், முழுக்கப் போன திருப்தி இருக்காது. இந்தப் பருமன் புற்றுநோய் அல்ல. ஆனாலும் அதற்கும் இதே குறி வரலாம் என்பதால் வைத்தியர் விரலால் சோதிப்பார், இரத்தமும் பார்ப்பார். கூச்சப்பட ஒன்றுமில்லை.

டாம்சுலோசின் குளிசை சில நாளில் குணம் காட்டும். சிலருக்குத் தலை சுற்றும், மெதுவாக எழும்புங்கள். ஃபினாஸ்டரைடுக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். சரிவராவிட்டால், வயிற்றைக் கிழிக்காமல் மூத்திர வழியாகவே ஒப்பரேஷன் செய்வார்கள்.

கடையில் வாங்கும் தடிமன் குளிசையில் கவனம், அது நீரை அடைக்கலாம். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வரும்போது அடக்கிக்கொண்டே இருப்பதும் கூடாது. மருமகள்மாரே, மாமாவுக்கு ஒரு சொட்டும் வராமல் அடிவயிறு உப்பி வலித்தால் விடியும்வரை பார்க்க வேண்டாம். உடனே திருகோணமலை மாவட்ட பொது வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். குழாய் போட்டு எடுப்பார்கள், காசு கேட்க மாட்டார்கள். காய்ச்சலோடு எரிச்சல், இரத்தம் என்றாலும் தாமதிக்காதீர்கள்.