துருவை எடுப்போம், பெயின்டைக் காப்போம்

(கைத்தொழில் பாடம்)

நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் பலர் லீசிங்கில் ஓட்டோ எடுத்து ஓட்டுகிறார்கள். ராத்திரியில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அந்த ஓட்டோதான். லீசிங் கட்டி முடியுமுன்னே பாடியில் ஓட்டை விழுந்தால், தகரம் வெட்டி வெல்டிங் வைக்கும் செலவு குடும்பத்தின் தலையில் விழும். துரு சின்னதாக இருக்கும்போதே எடுக்கப் பழகுவோம்.

துரு ஏன் வருகிறது?

இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. பெயின்ட்தான் தகரத்தின் மழைக்கோட்டு. கல் பட்டு ஒரு பொட்டு பெயர்ந்தாலும் அந்த வழியால் ஈரம் இறங்கும். துரு, இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். ஆகவே பெயின்டைத் தூக்கிக் கொப்புளமாக்கும். அதன் மேலேயே பெயின்ட் அடித்தால் உள்ளே அரிப்பு நிற்காது.

செய்முறை

1. சவர்க்காரத் தண்ணீரால் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். பெயின்டின் மேல் வெறும் துருக்கறை மட்டும் என்றால் ரப்பிங் கொம்பவுண்டை மெல்லிய துணியில் தொட்டு, அழுத்தாமல் தேய்த்தாலே போதும்.

2. கொப்புளம் என்றால், சுற்றியுள்ள நல்ல பெயின்டை மாஸ்கிங் டேப்பால் மறையுங்கள். கம்பி பிரஷ், இரும்பு நார் வேண்டாம். பிரஷ் நல்ல பெயின்டைக் கீறும்; நாரின் துகள் ஒட்டிக்கொண்டு மறுபடி துருப்பிடிக்கும்.

3. சேன்ட்பேப்பரின் பின்பக்கம் எண் இருக்கும். எண் கூடினால் தாள் நைஸ். 240-ஆம் எண்ணால் பளபளப்பான தகரம் தெரியும்வரை தேயுங்கள். பிறகு டேப்பைச் சற்றுத் தள்ளி ஒட்டி, 400-ஆல் பெயின்டின் ஓரத்தைச் சரிவாக்குங்கள்.

4. குழிக்குள் துரு மிஞ்சினால் துருமாற்றி மருந்து பூசலாம். சிலவற்றில் டானிக் அமிலம் இருக்கும். அது துருவைக் கறுப்புப் படலமாக்கும். தேயிலைச் சாயம் இரும்பில் பட்டுக் கறுப்பதும் இதே மாதிரித்தான். ஆனால் தேத்தண்ணி ஊற்றித் துரு போகாது!

5. தூசியைத் துடைத்து, அன்றைக்கே பிரைமர் பூசுங்கள். வெறும் தகரத்தை ஓர் இரவு பனியில் விட்டால் மறுபடி துருதான். மெல்லிய பூச்சாக இரண்டு தரம் பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்ததைப் பூசுங்கள். அதன் மேல் அதே நிறப் பெயின்ட்.

கவனம்

தின்னர் நல்ல பெயின்டையும் கரைக்கும். டேப்புக்கு வெளியே படவிடாதீர்கள். வாயையும் மூக்கையும் கட்டிக்கொள்ளுங்கள். லயத்துக்குள் செய்ய வேண்டாம். அடுப்பும் பீடியும் தூரத்தில் இருக்கட்டும். மிச்ச மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள், பிள்ளைகள் குடித்துவிடும். தகரம் ஓட்டையாகி இருந்தால் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை மலையகத்தின் மேற்குப் பக்கத்தில் மழை விடாது. அதற்கு முன்னமே மடகாட்டின் உள்பக்கச் சேற்றைக் கழுவுங்கள்; மிதியடியைத் தூக்கி அடித்தரையைக் காயவிடுங்கள். துரு முதலில் ஒளிந்துகொள்வது அங்கேதான். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒருதரம் தூக்கிப் பாருங்களேன்.