பழைய ரேடியோவைக் காயலான் கடைக்குப் போடும் முன்...



இந்த மாதப் பாடம் கையடக்க ரேடியோவைப் பற்றியது. "செல்போன் இருக்கும்போது ரேடியோ எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வேதாரண்யம் பக்கத்தில் நடந்ததை முதலில் கேளுங்கள்.

2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போனில் சார்ஜும் இல்லை, டவரும் இல்லை. எங்கள் குழுவில் மூத்தவரான ஒரு பெரியம்மா, பரணில் இருந்த டிரான்சிஸ்டரை எடுத்தார். உப்பள வேலைக்குப் போன காலத்தில் அவர் வீட்டுக்காரர் வாங்கியது. புது செல் போட்டும் அது பேசவில்லை. "அது மட்டும் பேசியிருந்தா, எங்க தெருவே நாலு சேதி கேட்டிருக்கும்" என்று இன்றும் சொல்வார்.

பிறகு ஒருநாள் டவுனில் ஒரு கடையில் கொடுத்தார். கடைக்காரர் திறந்து பார்க்காமலே, "ஐ.சி. போயிடுச்சு, 450 ரூபா ஆகும்" என்றாராம். பெரியம்மா குழுவில் வந்து 500 ரூபாய் உள்கடன் கேட்டார். எங்கள் ஊக்குநர், "கடன் தர்றோம் பெரியம்மா. ஆனா என்ன ரிப்பேர்னு இன்னொரு இடத்துல காட்டிட்டு வாங்க" என்றார். பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். கண்முன்னே திறந்தார். செல் கசிந்து ஸ்பிரிங் அரித்துப் போயிருந்தது. அதிலிருந்து போகும் ஒயரும் அறுந்திருந்தது. புது ஸ்பிரிங் வைத்து, ஒயரைப் பற்ற வைத்துக் கொடுத்தார். கூலி 40 ரூபாய். உள்கடனே தேவைப்படவில்லை.

நின்றுபோன ரேடியோ எல்லாம் செத்துப்போன ரேடியோ அல்ல. சின்னக் கோளாறுகளை முதலில் நாமே பார்க்க வேண்டும். இதுதான் பாடம்.

வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

1. செல்: ஒரு செல்லைத் திருப்பிப் போட்டிருந்தாலும் ரேடியோ பேசாது. கூட்டல் குறி, கழித்தல் குறி பார்த்துப் போடுங்கள். பழைய செல்லோடு புது செல்லைச் சேர்க்காதீர்கள். புது செல் நல்லதா என்று டார்ச்சில் போட்டுப் பார்த்துக் கொள்ளலாம்.

2. ஸ்பிரிங்: சாதாரண செல்லின் உறை துத்தநாகத்தால் ஆனது. செல் தீரத் தீர அது கரைந்து ஓட்டை விழும். உள்ளே இருக்கும் உப்புக் கரைசல் வெளியே கசியும். உப்புப் பட்ட இரும்பு என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்? ஸ்பிரிங்கிலும் தகட்டிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், செல்லை எடுத்துவிட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். பிறகு உப்புத்தாளால் உலோகம் மினுங்கும் வரை லேசாகத் தேயுங்கள். உலர்ந்த துணியால் துடையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

3. இயர்போன் துளை: இயர்போனைச் செருகினால் ஸ்பீக்கர் நின்றுவிடும். அதற்காக அந்தத் துளைக்குள் ஒரு சின்னத் தகடு உண்டு. அது துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால், இயர்போன் இல்லாதபோதும் சத்தம் வராது. இயர்போனை நாலைந்து முறை செருகி எடுத்துப் பாருங்கள்.

4. வால்யூம் திருகு: திருகும்போது 'கரகர' என்றால் உள்ளே தூசி. செல்லை எடுத்துவிட்டு, திருகை இருபது முறை முன்னும் பின்னும் திருப்புங்கள். பெரும்பாலும் சத்தம் குறையும்.

5. வைக்கும் இடம்: ஏரியல் கம்பி எஃப்.எம்.முக்கும் ஷார்ட் வேவுக்கும்தான். மீடியம் வேவ் சத்தத்தைப் பிடிப்பது உள்ளே கம்பி சுற்றி வைத்திருக்கும் கருப்புக் கட்டை. ஆகவே மீடியம் வேவ் மங்கலாகக் கேட்டால் ஏரியலை இழுக்காமல், ரேடியோவையே மெல்லத் திருப்புங்கள். எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர் பக்கத்திலும் வைக்காதீர்கள். அவற்றாலும் இரைச்சல் வரும்.

இன்னொன்று. சில ஆண்டுகளாக அகில இந்திய வானொலி பல ஊர்களில் மீடியம் வேவ் ஒலிபரப்பை நிறுத்தி, எஃப்.எம்.முக்கு மாறி வருகிறது. உங்கள் ரேடியோவில் மீடியம் வேவ் மட்டும்தான் என்றால், நீங்கள் கேட்கும் நிலையம் அதில் இன்னும் வருகிறதா என்று பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள்.

செய்யக் கூடாதவை

தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். தூசி அதில் ஒட்டி இன்னும் கெட்டுவிடும். உள்ளே மஞ்சள், வெள்ளை, கருப்பு என்று தலையில் நிறம் பூசிய சின்னத் திருகுகள் இருக்கும். அவை நிலையத்தைச் சரியாகப் பிடிப்பதற்காகக் கம்பெனியில் அளந்து வைத்தவை. பிள்ளைகள் திருகிவிட்டால் நல்ல ரேடியோவும் பேசாது. கரண்டில் ஓடும் ரேடியோவை பிளக்கைப் பிடுங்காமல் திறக்கவே கூடாது.

கடையில் கேட்க வேண்டியவை

இதெல்லாம் பார்த்தும் பேசவில்லை என்றால் கடைக்குப் போகலாம். ஒயர் அறுந்தது, ஸ்பீக்கர் கிழிந்தது, முள் நகர்த்தும் நூல் அறுந்தது எல்லாம் கடையில்தான் சரியாகும். "நமக்கென்ன தெரியும்" என்று கூச்சப்படாமல் நாலு கேள்வி கேளுங்கள்.

* "அண்ணே, என் முன்னாடியே திறந்து பாக்குறீங்களா?"
* "எது போயிருக்கு? எந்தப் பொருள் மாத்தணும்?"
* "பொருளுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு?"
* "மாத்தின பழைய பொருளைத் திருப்பித் தருவீங்களா?"

தொகை, தேதி இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். "கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து வருவதில் தப்பில்லை. எல்லாக் கடைக்காரரும் ஏமாற்றுபவர் அல்ல. நாம் கேட்டால் அவரும் நின்று பார்த்துச் சொல்வார். கூலி புது ரேடியோ விலையில் பாதிக்கு மேல் போனால், புதிது வாங்குவதே லாபம்.

ரிப்பேர் ஆன பிறகு

தினமும் கேட்காத ரேடியோவில் செல்லை விட்டு வைக்காதீர்கள். பெரியம்மா ரேடியோ கெட்டதே அதனால்தான். செல்லைத் தனியே எடுத்து, அதே பையில் போட்டு வையுங்கள். ஐப்பசி பிறந்ததும் ஒருமுறை போட்டுக் கேட்டுப் பாருங்கள். புயல் வந்த பிறகு பரணில் தேடினால் பயனில்லை.

பெரியம்மா இப்போது காலையில் செய்தி கேட்டுக்கொண்டே முறுக்குப் பிழிகிறார். "அவரு பக்கத்துல இருக்குற மாதிரி இருக்கு" என்கிறார். அதற்கு விலை ஏது?

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் பேசாத ரேடியோ இருக்கிறது? அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வந்து, எல்லோரும் சேர்ந்து செல்லும் ஸ்பிரிங்கும் பார்ப்போமா?
2. கடையில் விலை கேட்கக் கூச்சப்பட்டு நாம் கூடுதலாகக் கொடுத்த பணம் எது? மனம்விட்டுச் சொல்லுங்கள்.
3. கரண்டும் செல்போனும் இல்லாத நாளில் நம் தெருவுக்குச் சேதி சொல்லும் ரேடியோ யார் வீட்டில் இருக்கும்? தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.