12 வோல்ட்டில் 3000 வாட் வேண்டாம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். 12 வோல்ட், 3000 வாட் இன்வெர்ட்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. கைவசம் உள்ள 150 ஏஎச் பேட்டரியில் மாட்டி, 1 ஹெச்.பி. டிரில்லிங் மெஷினை ஓட்டலாமா?
– வாசகர், கவரைப்பேட்டை

வாங்காதீர்கள். 3000 வாட்டை 12ஆல் வகுத்தால் 250 ஆம்பியர். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 280ஐத் தொடும். 150 ஏஎச் என்பது, 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால் கிடைக்கும் கணக்கு. 280 ஆம்பியர் இழுத்தால் கால் மணி நேரம்கூடத் தாங்காது. அத்தனை கரண்ட் ஓடும்போது டெர்மினலில் லக் சற்றே லூஸாக இருந்தாலும் போதும். சூடேறி ஈயமே உருகிவிடும். கட்டைவிரல் தடிமனுக்கு செப்பு கேபிள் வாங்கினால், மலிவு விலையின் லாபமும் போய்விடும்.

உங்கள் மோட்டார் ஓடும்போது 1000 வாட்தான் கேட்கும். ஆனால் ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். ஒற்றை பேட்டரியின் வோல்டேஜ் அப்போதே சரிந்து இன்வெர்ட்டர் கட் ஆகிவிடும்.

மெஷின் ஓடியே தீர வேண்டுமென்றால், ஒரே மாதிரியான நான்கு புது பேட்டரிகளைத் தொடராக இணைத்து 48 வோல்ட் சைன்வேவ் இன்வெர்ட்டர் போடுங்கள். அதே 3000 வாட்டுக்கு 70 ஆம்பியர்தான் ஓடும். கரண்ட் கால் பங்கானால், அதே கேபிளில் சூடு பதினாறில் ஒரு பங்கு. பழைய பேட்டரியை அந்த நான்கில் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். லைட், ஃபேன், பில் போடும் கம்ப்யூட்டருக்கு அதுவும் 900 விஏ இன்வெர்ட்டரும் தாராளம். மணிக்கணக்கில் கரண்ட் போகும் இடமென்றால் ஜெனரேட்டரே சரி.