நட்சத்திரம் போட்ட இரத்தச் சோதனைத் தாள்: பயப்படவும் வேண்டாம், பெட்டியில் பூட்டவும் வேண்டாம்



சம்பள நாளன்று பட்டணத்துக் கடைத்தெருவில் மேசை போட்டு இரத்தம் எடுக்கிறார்கள். "முப்பது வகைச் சோதனை, மலிவு விலை" என்று கூப்பிடுகிறார்கள். ஒரு வாரத்தில் நாலு பக்கத் தாள் கைக்கு வருகிறது. சில எண்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரமோ, 'எச்', 'எல்' என்ற எழுத்தோ இருக்கும். எச் என்றால் அதிகம், எல் என்றால் குறைவு. அதைப் பார்த்ததும் சிலருக்குச் சோறு இறங்குவதில்லை. சிலர் தாளை மடித்துப் பெட்டியில் பூட்டி விடுகிறார்கள். இரண்டுமே தவறு.

எங்கள் தோட்டத்தில் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் அப்படி ஒரு தாளோடு வந்தார். "டிரசர் அய்யா, எனக்குப் புத்துநோயாம். சி.இ.ஏ. கூடியிருக்குன்னு சொல்லிட்டாங்க" என்று கண் கலங்கினார். அதற்குள் சம்சாரத்தின் சங்கிலியை அடகு வைத்து, யாரோ விற்ற சத்து மாவையும் வாங்கிவிட்டார். தாளைப் பார்த்தேன். சி.இ.ஏ. 5-க்குள் இருக்க வேண்டும், அவருக்கு 6.1. அவர் தினமும் ஒரு பெட்டி சிகரெட் பிடிப்பவர். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த எண் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் அதே தாளின் முதல் பக்கத்தில், வெறும் வயிற்று இனிப்பு அளவு 9.4 என்று இருந்தது. அதை அவரும் பார்க்கவில்லை, தாளைக் கொடுத்தவரும் சொல்லவில்லை! அரசாங்கக் கிளினிக்கில் மறுபடி பார்த்தபோது 9.1. இனிப்பு நீர் உறுதியானது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சோதித்துப் பார்த்ததில் புற்றுநோய் எதுவும் இல்லை. இல்லாத நோய்க்குச் சங்கிலி போயிற்று. இருந்த நோய் கவனிப்பாரில்லாமல் கிடந்தது.

நட்சத்திரம் எப்படி விழுகிறது?

ஆரோக்கியமான பலருடைய இரத்தத்தைச் சோதித்து, நூற்றுக்கு 95 பேருடைய எண் எந்த எல்லைக்குள் அடங்குகிறதோ, அதையே 'சரியான அளவு' என்று பெரும்பாலும் அச்சடிக்கிறார்கள். மீதி 5 பேரும் நோயாளிகள் அல்லர். ஆகவே 20, 30 வகைச் சோதனை செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஒன்றிரண்டு நட்சத்திரம் விழுவது சகஜம்.

ஆனால் இனிப்புக்கும் கொழுப்புக்கும் போட்ட கோடு அப்படிப்பட்டதல்ல. எந்த அளவுக்கு மேலே போனால் கண், கிட்னி, இருதயம் கெடும் என்று பார்த்துப் போட்ட கோடு அது. அந்த நட்சத்திரத்தை இலேசாக நினைக்காதீர்கள்.

தாள் கைக்கு வந்ததும் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. இரத்தம் எப்படி எடுத்தார்கள்? வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரம் பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. "டீ மட்டுந்தான் குடிச்சேன்" என்றால், அது வெறும் வயிறு ஆகாது. எடுத்த இரத்தம் வெயிலில் வண்டியிலே வெகுநேரம் கிடந்தால் பொட்டாசியம் பொய்யாகக் கூடும். இனிப்பு பொய்யாகக் குறையும்.

2. முந்தின நாள் என்ன செய்தீர்கள்? நாள் முழுக்கக் குலை வெட்டியவருக்குத் தசையிலிருந்து ஏ.எஸ்.டி. என்ற சத்து இரத்தத்தில் கலக்கும். கல்லீரல் கெட்டுவிட்டது என்று உடனே எண்ண வேண்டாம். கடுமையான வேலைக்குப் பிறகும் காய்ச்சலின் போதும் சிறுநீரில் புரதம் தெரியலாம். மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்குச் சிறுநீரில் இரத்தம் காட்டும். இரண்டு மூன்று நாள் ஓய்வுக்குப் பின் மறுபடி சோதிக்கலாம். நாட்டு மருந்து, மஜூன், வலி மாத்திரை எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

3. எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது? எல்லை 40 என்ற இடத்தில் 43 இருப்பது வேறு, 200 இருப்பது வேறு. நட்சத்திரம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

4. பழைய தாள் என்ன சொல்கிறது? இதுதான் முக்கியம். எண் வருடா வருடம் ஒரே பக்கம் நகர்ந்தால், எல்லைக்குள் இருந்தாலும் கவனிக்க வேண்டும்.

இந்த நாலாவது கேள்வியை நான் கேட்கத் தவறியதுண்டு. பல வருடங்களுக்கு முன் பிரட்டுக்களத்தில் ஒரு அம்மா தாளை நீட்டினார். கிரியாட்டினின் 128. "வெயில்ல வேலை செஞ்சீங்க, தண்ணி குடிங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுபடி சோதிக்கச் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் கழித்துக் கால் வீங்கி வந்தபோது கிட்னி பாதிக்குமேல் கெட்டுப்போயிருந்தது. தண்ணீர் குறைந்தாலும் அந்த எண் கூடும் என்பது உண்மைதான். ஆனால் மறுசோதனை செய்யாமல் அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அன்று முதல் "ஒண்ணுமில்ல" என்று எவருக்கும் வாயால் மட்டும் சொல்வதில்லை.

காத்திருக்கக் கூடாத எண்கள்

வெறும் வயிற்று இனிப்பு 7.0 அல்லது அதற்கு மேல்: அந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். உடம்பில் தொந்தரவு இல்லையென்றால் இன்னொரு நாள் மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். 6.1 முதல் 6.9 வரை எச்சரிக்கை மணி. இனிப்பு கூடி, வாந்தியும் மயக்கமும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

இரத்தச் சத்து (ஹீமோகுளோபின்) 8-க்குக் கீழ், பொட்டாசியம் 6-க்கு மேல், காய்ச்சலோடு தட்டணு 100-க்குக் கீழ்: அன்றே டாக்டரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது டெங்கியாக இருக்கலாம். ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரத்தச் சத்து குறைந்தால், டானிக் குடித்துச் சமாளிக்காதீர்கள். குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

சுகமாயிருப்பவர் புற்றுநோய்க்கென்று விற்கும் இரத்தச் சோதனைகளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அவற்றில் பல, நோயில்லாதவரை மிரட்டும். நோயுள்ளவரைத் தவறவும் விடும். அதே போல் நட்சத்திரமே இல்லாத தாள் முழு நற்சாட்சியும் ஆகாது. இரத்தக் கொதிப்பு தாளில் தெரியாது. நெஞ்சு வலிப்பவருக்குச் சுத்தமான தாள் மருந்தாகாது.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், 40 வயதும் அதற்கு மேலுமான குறைந்த வருமானக் குடும்பத்தார் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். தாள் விற்பவரிடமே மருந்தும் வாங்காதீர்கள். பழைய தாள்களை ஒரு கோப்பில் வரிசையாக வைத்து, டாக்டரிடம் போகும்போதெல்லாம் கொண்டு போங்கள். தாளைப் படிக்கத் தெரியவில்லை என்று வெட்கப்பட வேண்டாம். உங்கள் தோட்ட மருந்தகத்தில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விளக்கிச் சொல்வது எங்கள் கடமை.