பழைய வீணை வாங்கும்போது முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

மாயவரத்திலும் சுற்று ஊர்களிலும் பழைய வீடு கைமாறும்போது பரணிலிருந்து ஒரு வீணையும் இறங்குகிறது. "எங்கம்மா வாசிச்சது, வித்துடலாம்னு இருக்கோம்" என்பார் அந்த வீட்டு மாமி. வீணை வாசித்த முத்துசுவாமி தீட்சிதர் அபயாம்பிகை மேல் கிருதிகள் பாடிய ஊர் இது. இங்கே ஒரு நல்ல வீணை விறகுக்கும் காட்சிப் பொருளுக்கும் போவது எனக்குப் பொறுக்காது. அதனால் "வாங்கலாமா?" என்று கேட்டால் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். பல ஆண்டு உலர்ந்து இறுகிய பலா மரத்தின் நாதம் புது மரத்தில் உடனே கிடைக்காது. ஆனால் அந்த மரம் கெடாமல் இருக்க வேண்டும். தந்தி, மெட்டு, மெழுகு, பிரடை, சுரைக்காய் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். குடமும் தண்டியும் போயிருந்தால் மாற்ற வழியில்லை.

வாங்கப் போகிறவர்கள் யாளி முகத்தில் மயங்கிவிடுகிறார்கள். நீங்கள் வீணையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே பாலீஷ் போட்டவர்கள் அடியில் அவ்வளவு சிரத்தை எடுப்பதில்லை. விரிசல், மக்கு வைத்து அடைத்த இடம், பழைய ஆணித் துளை எல்லாம் அங்கேதான் தெரியும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் படுத்தாற்போல் பிடித்தால் மயிரிழை விரிசலும் நிழல் கட்டும். விற்பதற்காகவே புதிதாகப் பாலீஷ் போட்ட வீணை என்றால் இரண்டு மடங்கு நேரம் எடுத்துப் பாருங்கள்.

பிறகு ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் வீணையைச் சாய்த்து, குடத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தட்டுங்கள். துணியில் மாவு போல் மஞ்சள் பொடி உதிர்ந்தால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. குண்டூசித் தலை அளவு துளைகளைத் தேடினால் கிடைக்கும். துளை பழசாக, உள்ளே கறுத்து, பொடி உதிராமல் இருந்தால் பூச்சி போய் நாளாகியிருக்கலாம். அப்படிப்பட்டதை வீணை செய்பவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம். பொடி புதிதாக உதிர்ந்தால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

பார்க்கப் போகும் பருவமும் முக்கியம். ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கும், விரிசலின் வாய் மூடியிருக்கும். பங்குனி, சித்திரையில் அதே விரிசல் வாய் திறந்து நிற்கும். அவசரமில்லை என்றால் கோடையில் பார்த்து வாங்குங்கள்.

'ஏகாந்த வீணை' என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். குடம், தண்டி, யாளி எல்லாம் ஒரே மரத்தில் குடைந்தது ஏகாந்தம். தனித்தனியாகச் செய்து சேர்த்தது ஒட்டு வீணை. குடமும் தண்டியும் சேரும் இடத்தில் அலங்காரப் பட்டை மூடியிருக்கும். அதன் ஓரத்தில் நகத்தை ஓட்டி, இணைப்பு தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். அடியில் மரத்தின் ரேகை இடையில் அறுபடாமல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஒட்டு என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். இணைப்பு இறுக்கமாக இருக்கும் ஒட்டு வீணை, விரிசல் கண்ட ஏகாந்தத்தைவிட எவ்வளவோ மேல்.

எல்லாவற்றிலும் அதிகம் ஏமாறும் இடம் தண்டி. தந்திகளின் இழுவையில் அது மெல்ல மெல்ல வளையும். நடுப்பகுதி தாழும். மேளம் கட்டும்போது, அதாவது மெழுகில் மெட்டுகளைப் பதிக்கும்போது, தாழ்ந்த இடத்தில் மெழுகைக் கூட்டி வைத்து மெட்டுகளைச் சமன் செய்துவிடலாம். அப்போது மேலே பார்த்தால் வளைவு தெரியவே தெரியாது. ஆகவே மெட்டுகளை நம்பாதீர்கள். இருபுறமும் உள்ள கறுப்பு மெழுகுச் சுவரின் உயரம் ஓரங்களைவிட நடுவில் அதிகமா என்று பாருங்கள். தண்டியின் அடியில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வளைவு எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது சுருதி கூட்டிப் பார்ப்பது. பரணில் தந்தி தளர்ந்து கிடந்த வீணையை எடுத்ததும் மூன்று கட்டைக்கு ஏற்றக்கூடாது. வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, துருப்பிடித்த தந்திகளைக் கழற்றிப் புதுத் தந்தி போடுங்கள். ஏற்றுவதற்கு முன் கடைசி மெட்டுக்கும் சாரணித் தந்திக்கும் இடையே எத்தனை நாணயம் அடுக்கினால் இடைவெளி நிரம்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு கட்டைக்குக் கொண்டுபோய், அரை மணி நேரம் அப்படியே விட்டு, மறுபடி அதே நாணயங்களை வைத்துப் பாருங்கள். இடைவெளி கூடியிருந்தால் தண்டி விட்டுக்கொடுக்கிறது, அல்லது இணைப்பு திறக்கிறது. பிரடை நழுவிச் சுருதி இறங்கினால் கவலை வேண்டாம், அது சின்ன வேலை.

இப்போது வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், இதில் கூச்சப்படாதீர்கள். சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் நான்கையும் வெறும் தந்தியாக மீட்டி, நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். மந்தரத்தில் ஓசை குடத்தின் அடியிலிருந்து எழ வேண்டும். பலகையில் மட்டும் ஒலித்து அடங்கினால் எனக்குத் திருப்தி இருக்காது. சாரணியின் பன்னிரண்டாம் மெட்டில் மேல் சட்ஜம் சுத்தமாகப் பேசுகிறதா என்று பாருங்கள். அடுத்து 24 மெட்டுகளிலும் தந்தியை இழுத்துக் கமகம் பிடியுங்கள். சில மெட்டுகளில் மட்டும் கரகரத்தால் அவை தேய்ந்தவை, அல்லது அங்கே மெழுகு விட்டிருக்கிறது. எல்லா மெட்டிலும் ஒரே மாதிரிச் சீறினால் குதிரையின் மேல்தகட்டில்தான் குறை. இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை. எண்ணெய் தொட்டு வாசித்த மெட்டுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதும் குறையல்ல. அந்த வீணையை ஒருவர் நிறைய வாசித்திருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி.

அலங்காரத்தைப் பற்றி ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. பழைய வீணைகளில் யானைத் தந்தமும் மான் கொம்பும் இழைத்திருப்பது உண்டு. இவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. 1986 திருத்தத்தோடு இந்திய யானைத் தந்த வியாபாரத்துக்கும், 1991-இல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் தடை வந்துவிட்டது. வீட்டில் பரம்பரையாக இருந்தது என்பது விற்கவோ வாங்கவோ அனுமதி ஆகாது. இழைப்பு பிளாஸ்டிக் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், வனத்துறை அலுவலகத்தில் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். எவ்வளவு நல்ல நாதமாக இருந்தாலும் சரி.

விலை பேசுவதற்கு முன், மேளம் கட்ட, தந்தி மாற்ற, பிரடை சீவ என்ன ஆகும் என்று தஞ்சாவூரில் வீணை செய்பவர் ஒருவரிடம் போனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். 'தஞ்சாவூர் வீணை' என்ற பெயருக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் எல்லா வீணையையும் அந்தப் பெயரிலேயே விற்கிறார்கள். யார் செய்தது, எப்போது வாங்கியது, கடைசியாக மேளம் கட்டியது எப்போது என்று வீட்டாரிடம் பொறுமையாகக் கேளுங்கள். மரத்தைப் பார்த்தும் தெரியாதவை சில அந்தப் பேச்சில் கிடைக்கும்.

பேரம் முடிந்துவிட்டால், சுரைக்காயைக் கழற்றித் தனியாகச் சுற்றிக்கொண்டு, தந்திகளைச் சற்றே தளர்த்தி, காலையிலேயே எடுத்துவந்துவிடுங்கள். நண்பகல் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் மெழுகு இளகி, வீடு வந்து சேர்வதற்குள் மெட்டுகள் இடம் மாறிவிடும்.