பொம்மைக் கார்களும் அட்டவணைக் கலையும்

பொருள்களைத் தேடித் திரட்டி வைத்தல் மக்கட்கு இயல்பாய் அமைந்த விருப்பங்களுள் ஒன்றாகும். ஒருவர் தபால் தலைகளைத் திரட்டுவர். மற்றொருவர் பழைய நாணயங்களைத் திரட்டுவர். வேறொருவர் ஓலைச் சுவடிகளைத் திரட்டுவர். திரட்டுதல் எளிது. திரட்டியவற்றுள் இன்னது இன்னவிடத்து உளது, இன்னவாறு வந்தது என அறிந்து போற்றுதலே அரிது. அவ்வருமையை யாம் நூல் வாயிலாகக் கற்றிலம்; ஒரு பிழை செய்து கற்றோம். அது நம் மாணவர்க்குப் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம் ஊர் குறிஞ்சிப்பாடி. அது கைத்தறிக் கைலிகளாற் பெயர் பெற்றது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திற்கு அணித்தாயுள்ளது. எம் தாயைப் பெற்ற தாத்தா 1968-ஆம் ஆண்டில் அச்சுரங்கத்தில் வேலைக்கு அமர்ந்தார். பகலெல்லாம் மலைபோன்ற மண்வெட்டும் இயந்திரங்களிடையே உழன்ற அவர், மாலையில் உள்ளங்கையில் அடங்கும் பொம்மைக் கார்களைத் துடைத்து அடுக்குவதில் இன்புற்றார். சென்னைக்குச் செல்லுந்தோறும் மூர் மார்க்கெட்டில் நுழையாது திரும்பார். 1985-இல் அச்சந்தை தீக்கிரையான பின்னர் நண்பர் வாயிலாகவும் கடைகள் வாயிலாகவும் வாங்கினார். இவ்வாறு ஐம்பது ஆண்டுகளில் சேர்ந்தவை 212 கார்கள்.

அவற்றுக்கு அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதி வந்தார். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூர் மாவட்டத்தை அலைத்தபொழுது எம் வீட்டுக் கூரை ஓடுகள் பறந்தன. தகரப் பெட்டிகளில் இருந்த கார்கள் தப்பின. நோட்டுப் புத்தகமோ நனைந்து, மை கரைந்து, ஓரெழுத்தும் தெரியாதாயிற்று. அதன்பின் அவர் எழுதவில்லை. "எல்லாம் என் நினைவில் உள்ளன" என்பார். சென்ற ஆண்டு அவர் காலமானார். அந்நினைவும் அவருடன் சென்றது. பாட்டி அப்பெட்டிகளை எம்மிடம் ஒப்புவித்து, "எது எது என்னவென்று எழுதி வை, தம்பி. எனக்குப் பின் யாருக்கும் தெரியாமற் போய்விடும்" என்றனர்.

புயலில் அழிந்த நோட்டுப் புத்தகத்தை நினைந்து, யாம் இணையத் தரவுத்தளம் ஒன்றில் அட்டவணை அமைக்கலாயினோம். பதிவுகள் வீட்டில் மட்டும் இராமல் தொலைவிலுள்ள கணினிகளிற் காக்கப்படுதலும், வேண்டிய சொல்லைக் கொடுத்த மாத்திரத்தில் அது வரும் பதிவுகளெல்லாம் ஒருங்கே தோன்றுதலும், எத்துணை முறையும் வரிசை மாற்றிப் பார்த்தற்கு இயலுதலும் இதன் நலன்கள். ஆயினும் கருவி நன்றாயிருத்தல் மட்டும் போதாது. அதிற் பதியும் முறையும் நன்றாயிருத்தல் வேண்டும். யாம் பெயர், நிறம் என்னும் இரண்டே கட்டங்களை வகுத்துக்கொண்டு விரைந்து பதிந்தோம். மூன்று மாலைகளில் வேலை முடிந்தது. விரைவு எமக்குப் பெருமிதத்தைத் தந்தது.

பிழை எங்கு நேர்ந்தது என்பதனை இனிக் கூறுவாம். 'ஜாகுவார் ஈ-டைப், சிவப்பு' என இருமுறை பதிந்திருக்கக் கண்டு, ஒன்று மிகையென்று எண்ணினோம். அவ்விரண்டனுள் வண்ணம் மங்கியதனை அடுத்த தெருவில் தறி நெய்வாரது சிறு பெண்ணுக்கு விளையாடக் கொடுத்துவிட்டோம், பதிவையும் அழித்தோம். சில நாள் கழித்துப் பாட்டி எஞ்சிய காரை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்து, "இது அதுவன்று. அதன் அடியில் இந்தியா என்று இருக்கும். உன் அம்மா 1972-இல் பிறந்த அன்று, பார்க்க வரும் வழியில் கடலூரில் வாங்கி வந்தார். அது எங்கே?" என்றனர். எமக்கு மறுமொழி இல்லை.

இப்பிழையின் மூலத்தை ஆராய்ந்தபொழுது வியத்தகு வரலாறு ஒன்று புலப்பட்டது. இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி என்பார் 1901-இல் துளையிட்ட தகடுகளும் திருகாணிகளும் கொண்ட விளையாட்டுப் பொறி ஒன்றுக்கு உரிமை பெற்றனர். பின்னர் அது 'மெக்கானோ' எனப் பெயர் பெற்றது. லிவர்ப்பூலில் இருந்த அந்நிறுவனமே 1934 முதல் 'டிங்கி' என்னும் பெயரால் உலோகக் கார்களை வார்த்து விற்றது. 1960-களின் பிற்பகுதியில் அவ்வச்சுக்கள் சில இந்தியாவிற்கு வந்தன. கல்கத்தாவில் 'நிக்கி' என்னும் பெயரால் அவற்றினின்றும் கார்கள் வார்க்கப்பட்டன. ஆதலின் ஒரே அச்சிற் பிறந்த இரண்டு கார்களுள் ஒன்று லிவர்ப்பூலினது, மற்றொன்று கல்கத்தாவினது. பெயரும் நிறமும் ஒன்றே, பிறப்பிடம் வேறு. பிறப்பிடத்திற்கு யாம் கட்டம் வகுத்திலம். ஆகவே எம் அட்டவணை அவ்விரண்டையும் ஒன்றெனக் கூறிற்று.

அட்டவணைக் கலைக்கும் இம்மெக்கானோவிற்கும் தொடர்புண்டு என்பது அறியத்தக்கது. எம் ஊருக்குத் தெற்கே தொலைவில்லாத சீர்காழியில் 1892-இல் பிறந்தவர் எஸ். ஆர். அரங்கநாதன். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்று, மாநிலக் கல்லூரியிற் கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அவ்வாண்டே நூலகக் கலை பயில இலண்டன் சென்றவர், செல்ப்ரிட்ஜஸ் என்னும் அங்காடியில் மெக்கானோப் பொறியைக் கண்டார். சில தகடுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றி இணைத்துப் பற்பல உருவங்கள் ஆக்குதல் போல, பொருளின் கூறுகளைத் தனித்தனிக் குறிகளாக்கி இணைத்தால் எந்நூலுக்கும் இடங் காட்டலாம் என்னும் கருத்து அவர்க்கு உதித்தது. முக்காற்புள்ளியால் குறிகளை இணைக்கும் அவரது பகுப்பு முறை 1933-இல் வெளிவந்தது.

கூறுபடுத்தி வகுக்கும் இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. அகநானூற்றைத் தொகுத்தார் அதன் பாட்டெண்ணிலேயே திணையை அமைத்தனர். ஒற்றைப்பட்ட எண்கள் பாலை. இரண்டும் எட்டும் ஈறாக வருவன குறிஞ்சி. நான்கில் முடிவன முல்லை. ஆறில் முடிவன மருதம். பத்தும் இருபதும் போல்வன நெய்தல். எண்ணைக் கேட்ட அளவிலே திணையைச் சொல்லிவிடலாம். சுவடி ஆராய்ச்சியும் எமக்கு வழிகாட்டிற்று. பாட்டு ஒன்று, அதனைத் தாங்கிய ஏடுகள் பல, ஏட்டுக்கு ஏடு பாடவேறுபாடு உண்டு. ஓர் ஏட்டை மிகையென்று எறிந்தால் ஒரு பாடம் அழியும். பொம்மைக் காரிலும் அச்சு ஒன்று, உருக்கள் பல. யாம் அச்சையும் உருவையும் ஒன்றாக மயங்கினமையே பிழையின் வேர்.

எனவே அட்டவணையை இரண்டு பட்டியலாகப் புதிதாய் அமைத்தோம். முதற் பட்டியல் அச்சினைப் பற்றியது: செய்த நிறுவனம், மாதிரியாய் நின்ற வண்டி, நிறுவனத்தின் எண், அளவு விகிதம் என்பன. விகிதமாவது உண்மை வண்டிக்கும் பொம்மைக்கும் உள்ள வீதம். ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசிடர் கார் 1:43 விகிதத்தில் 10 சென்டிமீட்டராகவும், 1:64 விகிதத்தில் 6.7 சென்டிமீட்டராகவும் அமையும். இரண்டாம் பட்டியல் கையிலுள்ள உருவினைப் பற்றியது: சேர்க்கை எண், நிறம், சக்கர வகை, அடித்தட்டு எழுத்து, செய்யப்பட்ட நாடு, பழுது, பெட்டி உண்டோ இன்றோ, வந்த வரலாறு, இருப்பிடம், படம் என்பன. அச்சின் எண்ணால் இரண்டு பட்டியல்களும் இணையும்.

இத்துறையிற் புகுவார் நினைவிற் கொள்ளத்தக்கன சில. சேர்க்கை எண் ஒன்று ஒருமுறை இட்டபின் அதனை மற்றொன்றுக்கு இடலாகாது; பொருள் கைவிட்டுப் போயினும் பதிவை அழிக்கலாகாது. அடித்தட்டில் உள்ள ஆண்டைச் செய்த ஆண்டாகக் கொள்ளுதல் தவறு. 1968-இல் தோன்றிய ஹாட் வீல்ஸ் கார்களில் அது பெரும்பாலும் அச்சின் உரிமை ஆண்டையே குறிக்கும். அவற்றுட் சில 'லியோ மாட்டெல்' என்னும் பெயருடன் இந்தியாவிலும் செய்யப்பட்டமையால் நாட்டையும் நோக்குதல் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட டிங்கிக் கார்கள் பலவற்றில் துத்தநாகக் கலவையில் ஈயம் முதலியன கலந்தமையால் உலோகமே வெடித்து உதிரும். ஆதலின் பழுதினை ஆண்டுதோறும் பார்த்து எழுதுக. ஹாபிடிபி போன்ற பொது அட்டவணைகளில் உலகெங்குமுள்ள சேகரிப்போர் பதிந்தவற்றோடு ஒப்பிடுக. ஆயின் கையிலுள்ள பொருளைக் கண்ணாற் காணாது எதனையும் பெயர்த்து எழுதற்க. வீட்டு முகவரியையும் விலையையும் பொதுவிற் காட்டற்க. திங்கள்தோறும் ஒரு படி இறக்கி வேறிடத்து வைக்க. புயல் ஓட்டுக் கூரைக்கு மட்டும் உரியதன்று.

எல்லாவற்றினும் தலையாயது வந்த வரலாறு என்னும் கட்டம். நிறுவனமும் விகிதமும் உலகப் பட்டியல்களிற் கிடைக்கும். கடலூரில் ஒருவர் மகள் பிறந்த நாளில் வாங்கினார் என்பது பாட்டியிடம் மட்டுமே கிடைக்கும். ஆதலின் அதன்பின் மாலைதோறும் ஒரு காரைப் பாட்டி கையிற் கொடுத்து, அவர் கூறுவதைக் கேட்டு எழுதினோம். 212-இல் 61 கார்களுக்கு இவ்வாறு வரலாறு கிடைத்துளது. மற்றவற்றுக்கு அக்கட்டம் வெறிதே உள்ளது.

இனி, கொடுத்த காரினை மீட்கச் சென்ற செய்தி. தறிக்குழியின் ஓரத்தில் அச்சிறு பெண் அதனை நூலாற் கட்டி, பின்னே ஒரு தார்க்குச்சியைப் பிணைத்து, வண்டியாக இழுத்துக்கொண்டிருந்தாள். யாம் கேட்டதும் மார்போடு அணைத்துக்கொண்டாள். உடன் வந்த பாட்டி சிறிது நேரம் பார்த்து நின்று, "குழந்தைக்கென்று வாங்கியது, குழந்தையிடமே இருக்கட்டும்" என்றனர். அங்கேயே அதனைக் கவிழ்த்துப் படம் எடுத்துக்கொண்டு மீண்டோம்.

நூல்கள் பயன்படுதற்கே உரியன என்பது அரங்கநாதனார் 1931-இல் வகுத்த நூலக விதிகளுள் முதலாவது. அட்டவணையின் பயனும் பொருளைப் பூட்டி வைத்தலன்று. அது எங்கிருப்பினும் அதனை அறிந்திருத்தலே. எம் அட்டவணையில் அழித்த பதிவை மீண்டும் அதன் பழைய எண்ணிலேயே ஏற்றினோம். செய்யப்பட்ட நாடு: இந்தியா. வந்த வரலாறு: எம் தாயார் பிறந்த நாள், 1972, கடலூர். இருப்பிடம்: அடுத்த தெரு, தறி வீடு.