பி.எட். கனவோடு பி.எஸ்சி. சேர்பவர்களுக்கு

பாளையங்கோட்டையிலும் பேட்டையிலும் அறிவியல், கணிதம் எடுத்துச் சேரும் பிள்ளைகளில் பலருக்கு அடுத்தது பி.எட்., பிறகு பள்ளிக்கூட வேலை என்பதுதான் திட்டம். முதல் செமஸ்டரிலேயே சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

செய்ய வேண்டியவை

• அல்லைடு பாடத்தை மேஜர் போலவே படியுங்கள். நான் முதலில் வற்புறுத்துவது இதைத்தான். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. நடத்துபவர் பெரும்பாலும் ஒருவரே. விலங்கியல் பட்டதாரி ஜூன் மாதமே இயக்க விதிகளும் ஒளியியலும் எடுத்தாக வேண்டும். மெழுகுவர்த்தியைக் குவிலென்சுக்கு மிக அருகில் கொண்டுபோனால் திரையில் பிம்பம் ஏன் விழவில்லை என்று ஒரு பிள்ளை கேட்கும். பொருள் குவியத்துக்குள் வந்துவிட்டால் லென்சைத் தாண்டும் கதிர்கள் விரிந்துபோகின்றன, எங்கும் சேர்வதில்லை. கையால் செய்து பார்த்தவருக்குத்தான் இது தயங்காமல் வாயில் வரும்.

• பிராக்டிகலில் ப்யூரெட்டை நீங்களே பிடியுங்கள். பாபநாசத்திலும் கொக்கிரகுளத்திலும் தாமிரபரணித் தண்ணீர் எடுத்து, இ.டி.டி.ஏ. கரைசலால் கடினத்தன்மையை அளந்து ஒப்பிடுங்கள். ஒயின் சிவப்பு நீலமாகும் அந்தச் சொட்டில் நிறுத்தப் பழகுங்கள்.

• கணிதம் படிப்பவர்கள் பள்ளி வடிவியலை மறக்க வேண்டாம். தேல்ஸ் தேற்றத்தைக் கரும்பலகையில் பார்க்காமல் நிரூபிக்க வர வேண்டும்.

• தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்புக்கும் சேர்த்துச் சான்று கேட்கிறார்கள். படித்த இடங்களில் எல்லாம் இப்போதே வாங்கி வையுங்கள்.

செய்யக்கூடாதவை

• பெயர் புதுமையாக இருக்கிறதே என்று, அது வழக்கமான பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணையைப் பார்க்காமல் எந்தப் பட்டப்படிப்பிலும் சேராதீர்கள். படித்து முடித்து, சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வருவது பெரிய கொடுமை.

• பாஸானால் போதும் என்று இருக்காதீர்கள். பி.எட். சேரப் பொதுப் பிரிவினருக்குப் பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும். மற்றப் பிரிவினருக்குச் சலுகை உண்டு.

• கணிதக்காரருக்கு அறிவியல் எதற்கு என்று ஒதுக்காதீர்கள். ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150 மதிப்பெண்ணில் 60 கணிதமும் அறிவியலும் சேர்ந்த பகுதிக்கு.

• சீனியரின் லெசன் பிளானைப் பார்த்து எழுதாதீர்கள். 2 ஆண்டு பி.எட்.டில் இரண்டாம் ஆண்டு 16 வாரம் பள்ளியில் இருக்கப்போகிறீர்கள். எந்த வரியில் பிள்ளைகள் தடுமாறினார்கள் என்று அன்றன்று குறித்து, மறுநாள் பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.